ஒன்பதாம் வானத்துக்குப் பெரட்டு

வட்டகொடை ஸ்டேசனில் இறங்கி மேலே பார்த்தால் மூன்று மலை தெரியும். மூன்றாவது மலைக்குப் பின்னால், மேகங்கள் வந்து உட்கார்ந்து வெற்றிலை போட்டுவிட்டுப் போகிற உயரத்தில் இருக்கிறது புகைக்கல் தேயிலைத் தோட்டம். அங்கே மழை தொடங்கினால் தவளைகளே குடை தேடும். வருசத்தில் ஒரு நாள் நல்ல வெயில் அடித்துவிட்டால் நாய்கள் தங்கள் நிழலைக் கண்டு திருடன் என்று குரைக்கும்.

அந்தத் தோட்டத்தின் உச்சியில், தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு நூற்றெழுபத்திரண்டு படி மேலே, தனியாக ஒரு வீடு. அதில் தனியாக ஒரு மனிதர். பெயர் மூக்கன். ஓய்வு பெற்ற கணக்கப்பிள்ளை.

முப்பத்தெட்டு வருசம் காலை ஆறு மணிக்குப் பெரட்டுக் களத்தில் நின்று, வேலையாட்களின் பெயரைக் கூப்பிட்டு, இன்ன மலைக்கு இன்னார் என்று பிரித்து அனுப்பியவர் அவர். குரல் என்றால் அப்படி ஒரு குரல். அவர் “பேச்சியம்மா!” என்று கூப்பிட்டால் இந்தத் தோட்டத்துப் பேச்சியம்மாவோடு எதிர்மலைத் தோட்டத்துப் பேச்சியம்மாவும் சேர்ந்து “இந்தா வர்றேங்க!” என்பாள். ஓய்வு பெற்ற பிறகு அந்தக் குரலுக்கு வேலை இல்லை. அடுப்பை ஊதவும், எப்போதாவது தேத்தண்ணி சுட்டுவிட்டால் “ஸ்” என்று சொல்லவும்தான் வாயைத் திறந்தார். கல்யாணம் கட்ட நேரமில்லை, நேரமில்லை என்று சொல்லிச் சொல்லியே அறுபத்தெட்டு வயதாகிவிட்டது. இப்போது நேரம் மூட்டை மூட்டையாக இருந்தது. அள்ளிக் கொடுக்கத்தான் ஆள் இல்லை.

ரோட்டில் அவரைக் கண்டால் இன்னும் ஆட்கள் ஓரத்துத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கி வழிவிட்டார்கள். மரியாதை என்று அவர் நினைத்துக்கொண்டார். அது அரைப்பேர் பயம். ஒரு நாளைக்கு இத்தனை கிலோ கொழுந்து என்று தோட்டத்தில் ஒரு கணக்கு உண்டு. அதற்கு ஒரு பிடி குறைந்தாலும் முழு நாள் வேலையை அரை நாள் என்று எழுதிவிடுவார்கள். அதுதான் அரைப்பேர். மூக்கன் கையால் அரைப்பேர் வாங்காதவர்கள் புகைக்கல் தோட்டத்தில் இரண்டே இரண்டு பேர். ஒருவர் மாரியம்மன், மற்றவர் முனியாண்டி. இருவரும் கொழுந்தெடுக்கப் போனதில்லை.

இப்படிப்பட்ட மனிதரின் வீட்டுக்குள் நான்கு பேர் வந்து உட்கார்ந்தார்கள் என்றால், அது ஒரு சினிமா செய்த வேலை.

படத்தின் பெயர் ‘ஒன்பதாம் வானம்’. வெள்ளைக்காரர்கள் எடுத்து, தமிழில் பேசவைத்த படம். ஒன்றல்ல, எட்டுப் பாகம். சேரா என்று ஒரு ராணி, கோரன் என்று நரைத்த தாடித் தளபதி, முகமே இல்லாமல் வெறும் புகையாக வரும் ஒரு கெட்டவன். எல்லோரும் ஆகாயக் கப்பலில் ஏறி, ஒவ்வொரு வானமாகத் தாண்டிப் போய்க்கொண்டே இருப்பார்கள். டிவியில் மூன்றாம் பாகம் போட்ட அன்றைக்குக் கீழ் லயங்களின் கரண்ட் கம்பியில் ஒரு சவுக்கு மரம் சாய்ந்துவிட்டது. மேலே மூக்கன் வீட்டில் மட்டும் வெளிச்சம். அவரிடம்தான் தோட்டத்திலேயே பெரிய டிவியும் இருந்தது. வாசல் கதவைக் கழற்றித்தான் அதை உள்ளே கொண்டுபோனார்கள் என்று பேச்சு. அம்மாக்கண்ணு என்ற கொழுந்துக்காரி படியேறி வந்து, “கணக்கப்புள்ள, உள்ளுக்கு வரல. முத்தத்துலயே நின்னு பாத்துட்டுப் போயிடுறேன்” என்றாள். அவள் பின்னால் இன்னும் மூன்று பேர் நின்றார்கள். “வாங்க” என்று சொல்ல வாயைத் திறந்த மூக்கனுக்கு, அந்தச் சொல்லைக் கடைசியாக எப்போது சொன்னோம் என்பது நினைவுக்கு வரவில்லை.

அதிலிருந்து எந்தப் பாகம் வந்தாலும், பழைய பாகத்தைத் திரும்பப் போட்டாலும், நால்வரும் வந்தார்கள். மூக்கன் முதல் நாளே வீட்டைக் கூட்டி, ஐந்து கோப்பையையும் கழுவிக் கவிழ்த்துவைப்பார்.

இதில் ஓர் இரகசியம் உண்டு. மூக்கனுக்கு அந்தப் படம் புரிந்ததே இல்லை. எட்டுப் பாகம் பார்த்தும், புகைமூஞ்சிக்காரன் தளபதியின் தம்பியா மாமனாரா என்று அவருக்குத் தெரியாது. ராணி ஒருத்தியா இரண்டு பேரா என்பதிலேயே அவருக்குச் சந்தேகம். மற்றவர்கள் சிரித்தால் சிரிப்பார், மூச்சைப் பிடித்தால் மூச்சைப் பிடிப்பார். படம் முடிந்து நால்வரும் தேத்தண்ணியோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கும் அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் அவர் இரண்டரை மணி நேரத்தைச் சகித்துக்கொண்டிருந்தார்.

அப்படியிருக்க, ஒரு நாள் டிவியில் அறிவிப்பு வந்தது. வருகிற பௌர்ணமிப் போயா விடுமுறையன்று பகல் இரண்டு மணிக்கு ஒன்பதாம் பாகம். நிறைவுப் பாகம்.

தோட்டமே குதித்தது. மூக்கன் மட்டும் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். நிறைவு என்றால் முடிந்தது. முடிந்தது என்றால் அதற்கப்புறம் இவர்கள் எதற்காக நூற்றெழுபத்திரண்டு படி ஏறி வருவார்கள்?

இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் வழி கிடைத்தது. ரசிகர் மன்றம்! மன்றம் என்று ஒன்று இருந்துவிட்டால் படம் முடிந்தாலும் கூட்டம் முடியாது. ஆனால் உறுதியான ஆட்களாக எடுக்க வேண்டும். சும்மா பொழுதுபோக்குக்கு வருகிறவன் பொழுது போனதும் போய்விடுவான். சரியான காரணத்தோடு விரும்புகிறவன்தான் கடைசிவரைக்கும் வருவான். சரியான காரணம் எது? வாரப் பத்திரிகையில் வந்த விமர்சனத்தை வெட்டி வைத்திருந்தார். “தர்மத்துக்கும் அதர்மத்துக்கும் நடக்கும் ஓயாத போர்” என்று அதில் போட்டிருந்தது. சரியாகத்தான் இருக்கும் என்று மனப்பாடம் செய்துகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை நால்வரையும் முற்றத்துக்கு வரச்சொன்னார். பழைய காக்கிக் கோட்டைப் போட்டுக்கொண்டார். வயிற்றுப் பொத்தான் மட்டும் ஒத்துழைக்க மறுத்தது. கையில் பெயர் எழுத ஒரு கொப்பி. நால்வரையும் வரிசையாக நிறுத்தினார்.

“என்னங்க இது, பெரட்டு மாதிரி இருக்கு?” என்றாள் ஜீவராணி. அம்மாமார் மலைக்குப் போனால் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் அவள்தான் பொறுப்பு.

“பெரட்டுத்தான். நம்ம மன்றத்தோட மொதல் பெரட்டு. ஆளாளுக்கு முன்னால வந்து, இந்தப் படம் ஏன் புடிக்கும்னு சொல்லணும். சரியாச் சொன்னா முழுப்பேர் போடுவேன்.”

“சொல்லாட்டி?” என்றான் திலக்ஷன். தோட்டத்துக்கும் டவுனுக்கும் த்ரீவீல் ஓட்டுகிறவன்.

“மொதல்ல சொல்லு.”

“எனக்கு அந்த ஓட்டைக் கப்பல்தாங்க. ரெண்டு ஒதை ஒதைச்சாத்தானே கிளம்புது. ஏத்தத்துல பொகையக் கக்குது, எறக்கத்துல பிரேக் இல்ல. என் வண்டியப் பாத்துத்தான் செஞ்சிருக்கானுக. அதுவே ஆகாயத்துல பறக்குதுன்னா, நம்ம வண்டி வட்டகொடை ஏத்தத்துல ஏறாதான்னு ஒரு தெம்பு.”

மூக்கன் உதட்டைப் பிதுக்கினார். “ஜீவராணி?”

“எனக்கு அந்தக் கப்பல் சத்தங்க, ஐயா. சும்மா போறப்போ ம்ம்ம்னு ஒண்ணு கேக்கும்ல? அத போன்ல புடிச்சு வச்சிருக்கேன். காம்பராவுல பதினாலு புள்ளைங்க. அதப் போட்டா பதினாலும் ஒண்ணாத் தூங்கிரும். கதையெல்லாம் பாதிதான் தெரியும். அதுக்குள்ள நானும் தூங்கிருவேன்.”

அடுத்தது இராசரத்தினம் மாஸ்டர். யாழ்ப்பாணத்திலிருந்து தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு விஞ்ஞானம் படிப்பிக்க வந்து, பதினோரு வருசமாகப் பள்ளிக்கூடத்து அறையிலேயே தனியே சமைத்துச் சாப்பிடுகிறவர். சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்தார்.

“எனக்கு உந்தப் படம் விருப்பம் எண்டு ஆர் சொன்னது? உதில இருக்கிற பிழையள்தான் விருப்பம். எட்டுப் பாகத்திலயும் இருநூற்றுப் பதினாலு பிழை பிடிச்சு வச்சிருக்கிறன். ஆகாயத்தில காத்து இல்லை. காத்து இல்லாட்டில் சத்தம் வராது. உவங்கள் குண்டு போட்டால் தலவாக்கலை வரைக்கும் கேக்குது! ஜீவராணி பிள்ளை சொன்ன கப்பல் சத்தம் என்ரை கணக்கில ஏழாவது பிழை.”

“அப்படின்னா பதினாலு புள்ளைகளும் பிழையிலதான் தூங்குதுங்களா, மாஸ்டர்?” என்றாள் ஜீவராணி. எல்லோரும் சிரித்தார்கள். மூக்கனும் சிரிக்கப் போனார். கோட்டுக்குள் இருப்பது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டார்.

“அம்மாக்கண்ணு?”

அம்மாக்கண்ணு முந்தானையை இழுத்துச் செருகினாள். ஐம்பத்தெட்டு வயது. நாற்பது வருசம் முதுகில் கூடையோடு மலை ஏறியதில், கூடை இல்லாதபோதும் கொஞ்சம் முன்னால் சாய்ந்துதான் நிற்பாள்.

“அங்க மழை இல்லங்க.”

“என்னது?”

“எட்டு வானம் தாண்டிட்டாங்க. எம்புட்டு தூரம்! ஒரு எடத்துல ஒருத்தர் மேல ஒரு சொட்டு விழுந்துச்சா? அந்த ராணி வெள்ளைச் சீலையில போறா, வெள்ளைச் சீலையிலயே வர்றா. சேறு இல்ல, அட்டை இல்ல, மழைக்குத் தலையில போடுற படங்குச்சீலை இல்ல. அதப் பாக்குறப்போ எனக்கு முதுகெலும்பு காயிற மாதிரி இருக்கும். அம்புட்டுத்தான்.”

மூக்கன் கொப்பியைத் திறந்தார். தொண்டையைக் கனைத்தார். முப்பத்தெட்டு வருசத்துப் பழக்கம், கை தானாக ஓடியது.

“வேகத்துக்குப் பாக்குறது, சத்தத்துக்குப் பாக்குறது, பிழை புடிக்கப் பாக்குறது, மழை இல்லைன்னு பாக்குறது. ஒண்ணுகூட எடைக்கு வரல. இது தர்மத்துக்கும் அதர்மத்துக்கும் நடக்கிற ஓயாத போர். அதச் சொல்ல ஒரு ஆள் இல்ல. நாலு பேருக்கும் அரைப்பேர்.”

முற்றத்தில் மேகம் வந்து நின்றது.  திலக்ஷன்தான் முதலில் சிரிக்கப் பார்த்தான். மற்ற முகங்களைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான்.

மாஸ்டர் தாளை மடித்தார். “நான் முப்பது வருசமாய் மற்றவைக்கு மார்க்ஸ் போடுறவன், கணக்கப்பிள்ளை. எனக்கு இண்டைக்குத்தான் ஒராள் அரை மார்க்ஸ் போட்டிருக்கிறார். நல்லது.” செருப்பைத் தட்டிப் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

அம்மாக்கண்ணு அசையவில்லை.

“பத்தாம் நம்பர் மலை நெனவிருக்குங்களா, கணக்கப்புள்ள?”

“எது?”

“பன்னெண்டு வருசமாச்சு. ஆனி மாச மழை. கொழுந்தெடுக்க எங்க மூணு பேரத் தவிர வேற ஆளில்ல. நான் கணக்குக்கு மேலேயே அரைக்கிலோ எடுத்திருந்தேன். ஈரக் கொழுந்து, தண்ணிக்குன்னு ஒரு கிலோ கழிச்சீங்க. அரைப்பேர். அன்னைக்கும் மழைக்குத்தான் கழிச்சீங்க, இன்னைக்கும் மழைக்குத்தான் கழிக்கிறீங்க.” அவள் குரலை உயர்த்தவே இல்லை. “அன்னைக்கு வேலை. வாங்கிக்கிட்டுப் போனேன். சினிமாவுக்கும் வாங்கணுமா?”

அவள் இறங்கினாள். ஜீவராணியும் திலக்ஷனும் அவரைப் பார்க்காமல் அவள் பின்னால் போனார்கள். படிகளில் செருப்புச் சத்தம் குறைந்து குறைந்து, மேகத்துக்குள் போய் நின்றுவிட்டது. மூக்கன் கொப்பியில் நான்கு பெயரையும் அவற்றுக்கு எதிரே இழுத்த நான்கு கோடுகளையும் பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்து யார் பெயரைக் கூப்பிடுவது என்று காத்திருப்பவரைப்போல.

வருவார்கள் என்றுதான் நினைத்தார். அரைப்பேர் வாங்கியவர்கள் மறுநாள் பெரட்டுக்கு வராமல் இருந்ததுண்டா? முப்பத்தெட்டு வருசத்தில் ஒருவரும் இல்லை. அது அடுப்பு எரியவேண்டிய கட்டாயம் என்பதும், சினிமாவுக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை என்பதும் அவர் புத்திக்கு எட்டப் போயா நாள் வர வேண்டியிருந்தது.

அன்று காலையிலேயே உட்காரும் வாங்கில் துணி விரித்தார். டவுனிலிருந்து வாங்கிவந்த, மீன் அடைத்த மாலுப் பணிஸ் ஐந்தையும் தட்டில் அடுக்கினார். கோட்டைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். ஒரு மணிக்குத் தண்ணீர் கொதித்தது. ஒன்றரைக்கு மறுபடி கொதித்தது. ஒன்றே முக்காலுக்கு வாசலுக்குப் போய்ப் படிகளைப் பார்த்தார். மேகம் பத்தாம் படிவரைதான் பார்க்கவிட்டது. பத்துப் படியிலும் யாரும் இல்லை.

இரண்டு மணிக்குப் படம் ஆரம்பித்தது. தம்பட்டமும் தாளமுமாக, எல்லாப் பாகத்திலும் வரும் அந்தப் பாட்டு. அதே பாட்டு, ஒரு நொடி பிந்தி, கீழேயிருந்தும் கேட்டது.

மூக்கன் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். கீழிருந்து வந்தது குறையவில்லை. காது கொடுத்துப் பார்த்தார். பிள்ளைக்காம்பரா. குழந்தைகளுக்குப் பாட்டுப் போட யாரோ கொடுத்த சின்ன டிவி ஒன்று அங்கே இருந்தது. விடுமுறைக்குப் பூட்டிக் கிடக்க வேண்டிய இடம். திறப்பு ஜீவராணி கையில்தானே.

சரி, பார்ப்போம் என்று உட்கார்ந்தார். இத்தனை பெரிய திரை, இத்தனை தெளிவு, அஞ்சு மாலுப் பணிஸும் ஒரே ஆளுக்கு! ராஜபோகம். தளபதி ஏதோ ஒரு கதவைத் திறந்தான். திறந்தால் என்ன, திறக்காவிட்டால் என்ன? கீழே ‘கொல்’லென்று சிரிப்புச் சத்தம் எழுந்தது. மூக்கன் திரையைப் பார்த்தார். அங்கே சிரிக்க ஒன்றுமே இல்லை, தளபதி அழுதுகொண்டிருந்தான். மறுபடி சிரிப்பு. மாஸ்டர் ஏதோ சொல்லியிருப்பார். இருநூற்றுப் பதினைந்தாவது பிழை. என்னவாக இருக்கும்? புகைமூஞ்சிக்காரன் வந்தான். வீட்டில் அவனும் மூக்கனும் மட்டும்தான் இருந்தார்கள். அந்தப் பெரிய திரையில் அவன் மூக்கனையே பார்த்துப் பேசினான். 

நான்கு மணிவரை தாங்கினார். அதற்கு மேல் தாங்கவில்லை. எழுந்தார், டிவியை நிறுத்தினார், மாலுப் பணிஸ் தட்டைத் துணியால் மூடிக் கையில் எடுத்துக்கொண்டார். நூற்றெழுபத்திரண்டு படியையும் இறங்கினார். தூறல் விழுந்துகொண்டிருந்தது.

பிள்ளைக்காம்பராவின் சன்னல் வழியாக எட்டிப் பார்த்தால், அந்தக் காட்சி! பெரியவர்கள் உட்கார அங்கே நாற்காலி கிடையாது. எல்லாம் மூன்று வயதுப் பிள்ளைகளுக்கான நாற்காலிகள். மாஸ்டர் ஒன்றில் உட்கார்ந்து, முழங்கால் இரண்டும் காதுக்கு மேலே, நடுவில் தாளை வைத்து எழுதிக்கொண்டிருந்தார். திலக்ஷன் இரண்டு நாற்காலியை ஒட்டிப்போட்டு, இல்லாத ஹாண்டிலைத் திருகிக்கொண்டிருந்தான். ஜீவராணிக்குக் கண் சொருகிக்கொண்டிருந்தது. அம்மாக்கண்ணு தரையில் காலை நீட்டி, சுவரில் முதுகை ஒட்டவைத்து, வெயில் காய்கிறவளைப்போல உட்கார்ந்திருந்தாள். ஒரே படத்தை நால்வரும் நான்காகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் முகத்தில் இருந்தது அடுத்தவர் முகத்தில் இல்லை.

விளம்பரம் வந்தது. திலக்ஷன் திரும்பினான். “ஆத்தாடி! கணக்கப்புள்ள நிக்கிறாரு!”

கதவு திறந்துதான் இருந்தது. மூக்கன் வாசலோடு நின்றார்.

“என்னங்க, இங்கயும் பேர் போட வந்தீங்களா?” என்றாள் அம்மாக்கண்ணு, திரும்பாமலே.

“இல்ல. பணிஸ் கொண்டாந்தேன்.”

“எங்களிட்ட காரணம் கேட்டு அரைப்பேர் போட்டனீங்கள்” என்றார் மாஸ்டர். “உங்கட காரணத்தை இன்னும் ஒருத்தருக்கும் சொல்லேல்லையே. சொல்லிப்போட்டு உள்ளுக்கு வாங்கோ.”

“இது தர்மத்துக்கும் அதர்மத்துக்கும்…” என்று ஆரம்பித்தார் மூக்கன்.

“அது பேப்பர்ல போட்டிருந்ததுங்க, ஐயா” என்றாள் ஜீவராணி. “நாங்களும் பாத்தோம். எங்க புள்ளைக்காம்பராவுல அந்தத் தாளுலதான் பிஸ்கட் மடிச்சுக் குடுத்தாங்க.”

மூக்கன் தட்டைப் பார்த்தார். எத்தனை ஆட்களை இப்படி வரிசையில் நிறுத்திப் பேச வைத்திருப்பார்! தான் நிற்கும்போதுதான் தெரிந்தது, முன்னால் நிற்கிற இடம் எவ்வளவு அகலமாக இருக்கிறது என்று.

“எனக்கு அந்தப் படம் புரியாது” என்றார்.

“எந்தப் பாகம்?” என்றான் திலக்ஷன்.

“ஒரு பாகமும் புரியாது. அந்தப் பொகை மூஞ்சிக்காரன் யாருன்னே எனக்குத் தெரியாது. நீங்க வருவீங்கன்னுதான் போட்டேன். நீங்க போட்ட சண்டைதான் புரியும். இன்னைக்குத் தனியாப் பாத்தேன், அதுல ஒண்ணுமே இல்ல.”

நால்வரும் அவரைப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து விளம்பரம் முடிந்தது. எவ்வளவு பெரிய உண்மையாக இருந்தாலும், ஒன்பதாம் வானத்தின் கடைசி வாசல் திறக்கிறபோது யாரால் பதில் சொல்ல முடியும்? நான்கு தலையும் டிவி பக்கம் திரும்பின. ஜீவராணி மட்டும் கண்ணை எடுக்காமலே, காலால் ஒரு குட்டி நாற்காலியை அவர் பக்கம் தள்ளிவிட்டாள்.

உட்கார்ந்தார். நாற்காலி இருந்ததா, தரையா என்று தெரியவில்லை.

“அவன் தளபதியின்ர அண்ணன்” என்று மாஸ்டர் இடது காதில் சொன்னார். “அண்ணன் இல்லங்க, போன பொறப்புத் தளபதியே அவன்தான்” என்று திலக்ஷன் வலது காதில் சொன்னான். இரண்டு காதுக்கும் நடுவில் மூக்கன் சுகமாக ஒன்றும் புரியாமல் இருந்தார்.

திரையில் வாசல் திறந்தது. ஒன்பதாம் வானம். பச்சைப் பசேல் என்று ஓர் உலகம். ராணி இறங்கினாள். முகமூடியைக் கழற்றினாள். அண்ணாந்து பார்த்தாள்.

அவள் நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது.

பிறகு இன்னொன்று. பிறகு கொட்டோ கொட்டென்று கொட்டியது. ராணி இரண்டு கையையும் விரித்து, வெள்ளைச் சீலை உடம்போடு ஒட்ட, சிரித்துக்கொண்டே நனைந்தாள். பின்னணியில் நூறு பேர் பாடினார்கள்.

“நாசமாப் போனவளே!” என்றாள் அம்மாக்கண்ணு.

யாரும் திரும்பவில்லை. திலக்ஷன் விசிலடித்தான். மாஸ்டர் ஏதோ எழுதினார். அம்மாக்கண்ணு சுவரைப் பிடித்து எழுந்து, கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள். ஒன்பது பாகத்தையும் சேர்த்துப் பார்த்தால் அவ்வளவு பிரமாண்டமான காட்சி அதுதான். அந்த நேரத்தில் எழுந்து போகிறவளை யார் கவனிப்பார்கள்? படம் பார்க்காமல் ஆட்களின் முகத்தையே பார்த்துப் பழகியவர் ஒருவர்தான் கவனித்தார்.

மூக்கன் நாற்காலியிலிருந்து தன்னைப் பிடுங்கிக்கொண்டு பின்னால் போனார்.

அவள் தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தாள். தகரக் கூரையிலிருந்து முன்னால் தண்ணீர் கயிறு கயிறாக இறங்கிக்கொண்டிருந்தது.

“எட்டு வானத்துல காஞ்சுபோய்க் கெடந்துட்டு” என்றாள், அவரிடமா மழையிடமா என்று தெரியாமல், “கடைசில வந்து சேர்ந்த எடமும் புகைக்கல் தோட்டந்தானா? அவ சிரிக்கிறா. நாளைக்குக் காலையில கூடையத் தூக்கிக்கிட்டு வரச் சொல்லுங்க, சிரிப்ப பாப்போம்.”

அவர் பக்கத்தில் நின்றார். முன்னால் இல்லை, பக்கத்தில்.

“அந்தப் பத்தாம் நம்பர் மலை” என்றார். “நான் தண்ணிக்குக் கழிக்கல. அன்னைக்குத் தோட்டத்துத் தொர வந்து பாத்துக்கிட்டு நின்னாரு. யாராவது ஒருத்தருக்குக் கழிக்கணும்னு இருந்துச்சு. நீ முன்னால நின்ன.”

அம்மாக்கண்ணு குனிந்து தன் காலைப் பார்த்தாள்.

“நான் முன்னால வந்தது அட்டை கடிச்ச காலுக்கு உப்பு வைக்கணும்னுங்க. சீக்கிரம் எடை போட்டுட்டுப் போயிடலாம்னு.”

“தெரியாது.”

“கேக்கலையே.”

உள்ளே சத்தம் ஏறியது. திலக்ஷன் கத்தினான், மாஸ்டர் மேசையில் அடித்தார், ஜீவராணி விழித்துக்கொண்டு “என்னாச்சு, என்னாச்சு?” என்றாள். பிறகு அந்தப் பாட்டு, கடைசித் தடவையாக. ஒன்பது பாகமாக நீண்ட கதை முடிந்துவிட்டது. எப்படி முடிந்தது என்று வெளியே நின்ற இருவருக்கும் இன்றுவரை தெரியாது.

“நான் செஞ்சது தப்பு, அம்மாக்கண்ணு” என்றார் மூக்கன். அவருடைய குரல் எதிர்மலை வரைக்கும் கேட்கிற குரல். இது பக்கத்தில் நின்றவளுக்கே சரியாகக் கேட்டதோ என்னவோ.

அவள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டாள்.  

“ஞாயித்துக்கெழமை மேல வர்றியா?” என்றார் அவர்.

“படந்தான் முடிஞ்சுபோச்சே. எதுக்கு?”

மூக்கன் ஒரு காரணம் தேடினார். தேத்தண்ணி, டிவி, மன்றம், பழைய பாகங்கள். எதைச் சொன்னாலும் அதற்கு அவளே எடை போட்டுவிடுவாள் என்று தெரிந்தது.

“ஒண்ணுத்துக்கும் இல்ல” என்றார்.

அம்மாக்கண்ணு வெளியே வந்தபின் முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தாள். உள்ளேயிருந்து மற்ற மூவரும் செருப்புத் தேடிக்கொண்டு வந்தார்கள். இந்த முடிவு சரியா இல்லையா என்று மூன்று கட்சியாகப் பிரிந்து சண்டை.

“ஒண்ணுத்துக்கும் இல்லாம ஒரு எடத்துக்கு நான் போனதே இல்லங்க” என்றாள் அவள். “யோசிச்சுத்தான் சொல்லணும்.”

லயத்தை நோக்கி நடந்தாள். மற்றவர்களும் சண்டையோடு பிரிந்து போனார்கள். மாஸ்டரின் குரல் மட்டும் பள்ளிக்கூட வளைவுவரை கேட்டது. மூக்கன் வெறும் தட்டை எடுத்துக்கொண்டு படியேற ஆரம்பித்தார். பணிஸை யார் யார் தின்றார்கள் என்று அவர் பார்க்கவில்லை. மழை விட்டபாடில்லை. பாதிப் படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரலை மடித்து எண்ணிப் பார்த்தார். ஐந்து. மறுபடியும் எண்ணினார். அப்போதும் ஐந்துதான்.